நாலு தட்டு, அஞ்சு அடி

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரில், தேவாலயத்தை ஒட்டிய மண்டபம் ஒன்றில் மாதம் இரண்டு சனிக்கிழமை ஜோடி நடனம் நடக்கும். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. வாசலில் பணம் கட்டிவிட்டு உள்ளே போனால், பாட்டுக்குப் பாட்டு யாரையாவது அழைத்து ஆடலாம். வால்ஸ் வந்தால் தரை நிறைந்துவிடும். ரம்பா வந்தால் போன மாதம் சேர்ந்தவர்கள்கூட எழுந்து வருவார்கள். பிறகு ஸ்பீக்கரில் 'சீஈக் சிக்சிக், சீஈக் சிக்சிக்' என்று ஓர் உரசல் சத்தம் எழும். அடுத்த பத்து நொடியில் நடப்பதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஒருவருக்குத் திடீரென்று தாகம் எடுக்கும். இன்னொருவர் குனிந்து, நன்றாகத்தான் கட்டியிருக்கும் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுவார். ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிப் பிரிந்து நாற்காலிக்குப் போய்விடுவார்கள். பாதித் தரை காலி. வந்திருப்பது ச்சா ச்சா.

உட்கார்ந்துவிட்டவர்களில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் உண்டு. ஃபாக்ஸ்ட்ராட்டை அவர் ஆடுவதைப் பார்த்தால் தரைக்கு எண்ணெய் போட்ட மாதிரி இருக்கும். டாங்கோவில் திரும்பும்போது அவருடைய தோள் ஓர் அங்குலம்கூட அலையாது. நாற்பது வருடம் ஆடிய உடம்பு. அவரிடம் ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "இது மட்டும் என் காலுக்கு ஒத்துவரவில்லை, எப்போதும் ஒரு அடி பாக்கி நின்றுவிடுகிறது" என்றார். அந்தப் பதில் என்னை விடவில்லை. ஆடத் தெரியாதவர் உட்கார்ந்தால் அதில் கேட்க ஒன்றுமில்லை. ஆடத் தெரிந்தவர்கள் ஏன் இந்த ஒன்றை மட்டும் ஒதுக்குகிறார்கள்? யோசிக்க யோசிக்க, அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அந்த ஆட்டத்தின் அமைப்பில் உண்மையான சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்கும் முறை சிக்கலை இரட்டிப்பாக்கிவிட்டது.

இதில் மனதை வருத்துவது ஒன்றுண்டு. ஆடுகிறவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்றே பிறந்த ஆட்டம் இது.

கதை ஹவானாவில் தொடங்குகிறது. என்ரிக்கே ஹொர்ரின் 1926-இல் கியூபாவின் கண்டெலாரியா என்ற ஊரில் பிறந்தவர், வயலின் கலைஞர். 1950-களின் தொடக்கத்தில் ஒர்கெஸ்தா அமெரிக்கா என்ற இசைக்குழுவில் வாசித்துக்கொண்டும் அதற்குப் பாட்டு அமைத்துக்கொண்டும் இருந்தார். அப்போது ஹவானாவின் நடனக் கூடங்களில் தான்சோன் என்ற இசைவகையும், அதிலிருந்து கிளைத்த தான்சோன்-மாம்போவும் ஓடிக்கொண்டிருந்தன. 1879-இல் மத்தான்சாஸ் நகரில் மிகேல் ஃபைல்தே முதல் தான்சோனை அரங்கேற்றிய நாளிலிருந்து கியூபர்கள் அதைப் பெருமையாக ஆடி வந்தார்கள். ஆனால் 1930-களின் கடைசியில் மாம்போ பகுதி சேர்ந்தபோது தாளம் உடைந்து உடைந்து, தட்டு விழும் இடத்தில் விழாமல், இடைவெளிகளில் விழ ஆரம்பித்தது. கேட்க அற்புதமாக இருந்தது. ஆடுகிறவர்கள் கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார்கள்.

ஹொர்ரின் மேடையில் வயலினைப் பிடித்துக்கொண்டு இந்தக் கால்களைப் பார்த்திருக்கிறார். தட்டுக்கு வெளியே விழும் அழுத்தங்களைக் குறைத்தார். மெட்டையே தாளத்தின் மேல் உட்காரும்படி நேராக அமைத்தார். சொற்கள் தெளிவாகக் கேட்கட்டும் என்று குழுவில் எல்லோரையும் ஒரே குரலாகப் பாடவைத்தார். வேகமும் நிதானமாக இருந்தது. 1953-இல் அவருடைய 'லா எங்கஞாதோரா' பாட்டு இசைத்தட்டாக வந்தது. ஏமாற்றுக்காரி என்று பொருள். ஹவானாவில் பிராதோவும் நெப்டூனோவும் சந்திக்கும் தெருமுனையில் ஆண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. முதல் ச்சா ச்சா ச்சா என்று பலரும் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் அழகு. ஹவானாவின் சில்வர் ஸ்டார் என்ற கிளப்பில் இந்த இசைக்கு ஆடியவர்கள், தாளத்தின் ஓர் இடத்தில் தாங்களாகவே மூன்று சின்ன அடிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பலர் ஒன்றாக ஆடும்போது ஷூ தரையில் உரசி 'ச்சா ச்சா ச்சா' என்று சத்தம் எழுந்தது. ஹொர்ரின் அதைக் கேட்டார், பெயர் வைத்தார். அந்த மூன்று அடியை ஆசிரியர் யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை. ஆடியவர்களின் காலில் பிறந்த அடி அது.

அப்படிப் பிறந்த ஒன்று எழுபது வருடத்தில் எப்படி இவ்வளவு கனமானது? இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். தாளக் கணக்கு நம்மவர்களுக்குப் புதிதல்ல.

ச்சா ச்சாவில் ஓர் ஆவர்த்தத்துக்கு நான்கு தட்டு. அந்த நான்கு தட்டில் ஐந்து அடி வைக்க வேண்டும். ஐந்து என்றதும் கண்ட நடை நினைவுக்கு வரலாம். அது வேறு. கண்ட நடையில் ஒரு தட்டு ஐந்து சம பங்காகப் பிரியும். இங்கே அடிகள் சமமாக இல்லை. இரண்டாம் தட்டில் ஓர் அடி, மூன்றாம் தட்டில் ஓர் அடி, நான்காம் தட்டை இரண்டாகப் பிளந்து இரண்டு அடி, அடுத்த ஆவர்த்தத்தின் முதல் தட்டில் ஓர் அடி. வாயால் சொன்னால் 'த, த, தக, தா'. அந்த 'தக, தா' இருக்கிறதே, அதுதான் ச்சா ச்சா ச்சா.

சல்சாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சல்சாவில் எட்டுத் தட்டுக்கு ஆறு அடிதான். நான்கிலும் எட்டிலும் கால் ஓய்கிறது. அந்த ஓய்வு வெறும் அலங்காரமில்லை. முந்தைய அடியில் கொஞ்சம் தாமதமானவர் அங்கே கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம். துணையின் கை எங்கே போகிறது என்று புரியாதவர் அந்த ஒரு தட்டில் புரிந்துகொள்ளலாம். பச்சாட்டாவிலும் நான்காம் தட்டில் காலைத் தொட்டுவிட்டு எடுக்கலாம். ரம்பாவில் ஓர் ஆவர்த்தத்துக்கு மூன்றே அடி. இந்த ஆட்டங்களில் எல்லாம் தவறுக்கு ஒரு திண்ணை கட்டி வைத்திருக்கிறார்கள். வழிப்போக்கன் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். ச்சா ச்சாவில் திண்ணை இல்லை. நான்கு தட்டிலும் அடி இருக்கிறது, போதாததற்கு ஒன்று கூடுதலாகவும் இருக்கிறது. ஒருமுறை பின்தங்கினால் அடுத்த ஆவர்த்தத்திலும் பின்தங்கியே இருப்பீர்கள். 'ஒரு அடி பாக்கி நின்றுவிடுகிறது' என்று அந்தப் பெரியவர் சொன்னது இதைத்தான்.

வேகத்தையும் பார்ப்போம். போட்டி விதிகளில் ச்சா ச்சாவுக்கு நிமிடத்துக்கு 30 முதல் 32 ஆவர்த்தம். 30 என்று வைத்தாலும் 120 தட்டு, அதாவது 150 அடி. 26 ஆவர்த்தத்தில் ஓடும் ரம்பாவில் 78 அடி. 30 ஆவர்த்த வால்ஸில் 90 அடி. நிமிடத்துக்கு 180 தட்டு ஓடும் சல்சாவைக் கேட்டால் காது பறக்கும். அதில்கூட 135 அடிதான். நிதானமாகக் கேட்கும் ச்சா ச்சாவில் கால் சல்சாவை விட அதிகம் ஓடுகிறது. மூன்றரை நிமிடப் பாட்டு முடிவதற்குள் 500 அடிக்கு மேல். ஜைவ் இதைவிடவும் ஓட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜைவ் இசை முதல் நொடியிலேயே ஓட்டம் என்று அறிவித்துவிடும், உடம்பும் தயாராகிக்கொள்ளும். ச்சா ச்சா காதுக்கு உலாவப் போகலாம் வா என்று சொல்லிவிட்டு, காலை ஓடவைக்கிறது. காதும் காலும் வேறு வேறு செய்தி பெறும்போது நல்ல ஆட்டக்காரரும் குழம்புவார்.

இப்போது அந்தப் பிளந்த தட்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு அரை நொடி. அதில் பாதி கால் நொடி. அந்தக் கால் நொடிக்குள் பாதத்தின் முன்பகுதி தரையைத் தொட வேண்டும், உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் காலுக்கு மாற வேண்டும், மற்றக் கால் விடுபட்டுப் பக்கத்தில் வந்து சேர வேண்டும். பாரம் முழுதாக மாறாமல் பாதி அங்கும் பாதி இங்குமாக நின்றுவிட்டால், அடுத்து எந்தக் காலை எடுப்பது என்று கால்களுக்கே தெரியாது. ஆட்டம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். இனி அளவைப் பாருங்கள். பக்கவாட்டில் ஓர் அடி அகலத்துக்குக் காலை வைத்தால் இடுப்பும் வயிறும் தோளும் அவ்வளவு தூரம் நகர வேண்டும். அறுபது எழுபது கிலோ உடம்பைக் கால் நொடியில் ஓர் அடி தள்ளி நிறுத்துவது சாமானிய வேலையில்லை. கால் போய்விடும், உடம்பு பின்னால் வரும், அதற்குள் தட்டு போய்விடும். அதே அடியை மூன்று விரல் அகலத்துக்குச் சுருக்கினால் உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கும், பாரம் மட்டும் மாறும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் பெரும்பாலோர் பதற்றத்தில் நேர்மாறாகச் செய்கிறார்கள். பின்தங்குகிறோம் என்று தெரிந்ததும் அகலமாக வைக்கிறார்கள். மேலும் பின்தங்குகிறார்கள்.

அடுத்த சிக்கல் எங்கே தொடங்குவது என்பது. கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு எடுப்பு என்ற சொல் தெரியும். தாளத்தின் முதல் தட்டான சமத்திலேயே பாட்டு தொடங்கலாம். சமம் கடந்து கொஞ்சம் தள்ளியும் தொடங்கலாம், அது அனாகத எடுப்பு. ச்சா ச்சாவின் முதன்மையான அடி, முன்னால் போய்த் திரும்பும் அந்த அடி, இன்று உலகெங்கும் போட்டி முறையில் விழுவது இரண்டாம் தட்டில். அதாவது அனாகத எடுப்பு. இதை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் பியர் என்ற ஒற்றைப் பெயரால் அறியப்பட்ட நடன ஆசிரியர். பிரான்சில் பிறந்து லண்டனில் கற்றுக்கொடுத்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கியூபாவுக்குப் போய், அங்கே மக்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்து, ரம்பாவையும் ச்சா ச்சாவையும் இரண்டாம் தட்டிலிருந்து எண்ணும் முறையோடு திரும்பினார். அவரும் அவருடைய நடனத் துணை டோரிஸ் லவெல்லும் அதை இங்கிலாந்தில் பரப்பினார்கள். ஒன்றில் தொடங்கும் பழைய ரம்பாவுக்கும் இவர்கள் கொண்டுவந்ததற்கும் பல வருடம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் பியரின் முறை வென்றது.

இசையோடு கேட்டால் பியர் சொன்னது சரி. ஆனால் சமத்தில் தொடங்கித்தான் நமக்குப் பழக்கம். வால்ஸ் ஒன்றில் தொடங்குகிறது. பெரும்பாலான ஊர்களில் சல்சாவும் ஒன்றில் தொடங்குகிறது. அந்தக் காலோடு ச்சா ச்சாவுக்கு வருகிறவர் ஒன்றிலேயே முன்னால் போய்விடுகிறார். எதிரே இருப்பவர் இரண்டுக்காகக் காத்திருக்கிறார். ஒரு தட்டு வித்தியாசத்தில் இரண்டு பேரும் இழுபறி. இதைத் தவிர்ப்பதற்காக எத்தனையோ வகுப்புகளில் 'ஒன்று, இரண்டு, ச்சா ச்சா ச்சா' என்று எண்ணவைக்கிறார்கள். நான் கற்றுக்கொண்ட வகுப்பிலும் அப்படித்தான். வாயில் எண்ண எளிதாக இருந்தது. இசை போட்டதும் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே மக்கு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் ச்சா ச்சா வந்தால் நானும் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அந்த எண்ணிக்கையில் என்ன பிழை? மூன்றாவது ச்சா எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒன்றிலிருந்து எண்ணினால் அது நான்காம் தட்டில் போய் விழும். 'த, த, தக, தா' என்பதில் கடைசித் 'தா' விழுவது சமத்தில். தாளத்தின் பலமான தட்டு அது. ஹொர்ரின் அமைத்த மெட்டுகள் சாய்ந்துகொள்வதும் அந்தத் தட்டில்தான். இரண்டு சின்ன ச்சாக்களும் ஓடி வருவது அந்த மூன்றாவதில் இறங்குவதற்காக. இறங்கியபின் ஒரு முழுத் தட்டு அங்கே நிற்கலாம். மற்ற ஆட்டங்களில் இருக்கும் திண்ணை இங்கே இல்லை என்றேனே, அதற்குக் கொஞ்சமாவது ஈடு இந்த மூன்றாவது ச்சாதான். ஆனால் ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு வந்தபோது பெயரிலேயே ஒரு ச்சா உதிர்ந்துவிட்டது. ச்சா ச்சா ச்சா என்பது ச்சா ச்சா ஆயிற்று. பெயரில் உதிர்ந்தது காலிலும் உதிர்வதைப் பார்க்கிறேன். மூன்றாவது அடியை அவசர அவசரமாக வைத்துவிட்டு அடுத்ததுக்கு ஓடுகிறார்கள். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததால் மூச்சு முட்டுகிறது. பெயரையும் இதையும் முடிச்சுப் போடுவது என் ஊகம். ஆனால் புதிதாகக் கற்கும் ஒருவரிடம் 'மூன்றாவதை அழுத்தி வை' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் ஆட்டம் மாறும்.

எண்ணுவதைவிடக் கேட்பது நல்லது. கியூப இசைக்குழு அதற்கு வழிசெய்து வைத்திருக்கிறது. நான் தொடக்கத்தில் சொன்ன அந்த 'சீஈக் சிக்சிக்' குயிரோ என்ற வாத்தியம். காய்ந்த சுரைக்குடுக்கையின் முதுகில் வரிவரியாகக் கீறி, குச்சியால் இழுத்து உரசுவார்கள். ஒன்றாம் தட்டில் ஒரு நீண்ட இழுப்பு, இரண்டாம் தட்டில் இரண்டு குட்டி உரசல், மூன்றில் மறுபடி நீளம், நான்கில் மறுபடி இரண்டு குட்டி. நான்காம் தட்டின் அந்த இரண்டு குட்டி உரசலும் அடுத்து வரும் நீண்ட இழுப்பும் சேர்ந்தால் ச்சா ச்சா ச்சா. காலுக்கான பாடம் அந்தக் குடுக்கையிலேயே எழுதியிருக்கிறது. கூடவே காங்கா மேளத்தைக் கவனியுங்கள். அடக்கி வாசித்துக்கொண்டே வந்து ஆவர்த்தத்தின் முடிவில் 'தும் தும்' என்று இரண்டு முறை கை விட்டு ஒலிக்கும். அது நான்காம் தட்டின் இரண்டு பாதி. சின்ன ச்சா இரண்டும் அதன் மேல் விழும்.

ஆனால் இன்றைய நடன மண்டபங்களில் டிஜே போடுவது பல சமயம் கியூபப் பாட்டாக இருப்பதில்லை. வேகம் பொருந்துகிறது என்பதற்காக ஏதோ ஒரு பாப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். அதில் குயிரோவும் இல்லை, காங்காவும் இல்லை. டிரம்ஸ் இரண்டிலும் நான்கிலும் ஓங்கி அடிக்கும். ச்சா ச்சா ச்சாவைக் காட்டிக்கொடுக்கும் ஒலி எதுவும் இருக்காது. தேர்ந்தவர்கள் தங்கள் உடம்பிலிருந்தே அதை எடுத்து ஆடுவார்கள். மற்றவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு ஆடுவது? டிட்டோ புவெந்தே 1962-இல் வெளியிட்டு, 1970-இல் சந்தானா உலகமெல்லாம் கொண்டுபோன 'ஓயே கோமோ வா' ஒரு ச்சா ச்சாதான். அதைப் போட்டால் எங்கள் மண்டபத்தில் இன்னும் நாலைந்து ஜோடி எழுந்து வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தவர்களின் கால் ஏற்கெனவே நாற்காலிக்கு அடியில் சரியாக ஆடிக்கொண்டிருந்தது என்பதும் அப்போது தெரிகிறது.

இதுவரை சொன்னது கணக்கு. கணக்கு சரியாக வந்தாலும் சிலர் எழுந்து வருவதில்லை. அதற்குக் காரணம் கூச்சம். அதை லேசாகப் பேசக்கூடாது.

வால்ஸில் இருவரும் அணைத்த நிலையில் ஆடுவார்கள், ஒருவர் பார்வை மற்றவரின் தோளைத் தாண்டிப் போகும். முகத்தை முகம் பார்ப்பதில்லை. ச்சா ச்சாவில் கை நீளத்துக்கு விலகி, நேருக்கு நேர் நிற்கிறோம். பாதி நேரம் ஒரு கையைத்தான் பிடித்திருப்போம், சில இடங்களில் அதையும் விட்டுவிட்டுத் தனியாக ஆட வேண்டும். அறிமுகமில்லாத ஒருவரின் கண்ணைப் பார்த்தபடி, குறும்பும் சீண்டலுமான ஓர் ஆட்டத்தை மூன்று நிமிடம் ஆடுவது எல்லோருக்கும் இயல்பாக வராது. அலுவலகத்திலிருந்து நேராக வந்த ஒரு கணக்காளரோ, கணவரை இழந்து இரண்டு வருடத்துக்குப் பின் முதன்முதலாக வெளியே வந்த ஓர் அம்மாவோ, அந்த இடத்தில் விலகி உட்கார்ந்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

கூச்சத்தின் மையம் இடுப்பு. குறிப்பாக ஆண்கள் இதைச் சொல்லாமல் சொல்வார்கள். "இடுப்பை ஆட்டவேண்டுமே" என்று. இங்கே ஆசிரியர்கள் பலர் செய்யும் தவறு, இடுப்பை ஆட்டச் சொல்வது. இடுப்பை யாரும் ஆட்டவேண்டியதில்லை. இடுப்பில் குடம் வைத்து நிற்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலில் பாரம் முழுவதும் போட்டு, அந்த முழங்கால் நீண்டு நிற்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு தானாக வெளியே வந்து குடத்துக்கு இடம் கொடுக்கிறது. ச்சா ச்சாவிலும் அதுதான். பாதத்தின் முன்பகுதியை வைத்து, பாரத்தை மாற்றி, முழங்காலை நீட்டிக் குதிகாலை இறக்கினால் இடுப்பு தன் இடத்துக்குத் தானே போகும். காலில் நடப்பதன் விளைவுதான் இடுப்பில் தெரிகிறது. அதிலும் கால் நொடி அடிகளில் இடுப்புக்கு அவ்வளவு தூரம் போக நேரமே இல்லை. அங்கே அதை மறந்துவிடுவதே நல்லது.

ஆனால் மக்கள் மனதில் பதிந்திருக்கும் ச்சா ச்சா வேறு. பிபிசியில் 2004-இல் தொடங்கிய 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்', அடுத்த வருடம் அமெரிக்காவில் அதன் வழியில் வந்த 'டான்சிங் வித் த ஸ்டார்ஸ்', இரண்டும் ஜோடி நடனத்தை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தன. அதற்காக அவற்றுக்கு நன்றி சொல்லவேண்டும். என்றாலும் அங்கே காட்டும் ச்சா ச்சா மின்னும் உடையும் விறைத்து நீண்ட காலும் கேமராவைப் பார்த்து வீசும் கையுமாக இருக்கிறது. மேடைக்கு அது தேவை. சனிக்கிழமை மண்டபத்தில் ஆட வருகிறவர் அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு தன்னைப் பார்த்தால் தானே கேலிப்பொருள் என்று நினைத்துக்கொள்கிறார். சில்வர் ஸ்டாரில் பாதத்தை உரசிக்கொண்டு ஆடியவர்களின் படம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

சின்னச் சின்னக் காரணங்களும் உண்டு. ரப்பர் அடி வைத்த ஷூ தரையைக் கவ்விக்கொண்டால் பக்கவாட்டு அடியில் முழங்கால் திருகும், வயதானவர்கள் அதற்குப் பயப்படுவது சரிதான். மென்தோல் அடி வைத்த நடன ஷூ இருந்தால் அந்தப் பயம் பாதி போகும். பிறகு, பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறும் மண்டபத்தில் ஒருவர் அமெரிக்கப் பாணி கற்றிருப்பார், இன்னொருவர் சர்வதேசப் பாணி, மூன்றாமவர் சல்சா கிளப்பில் பார்த்துப் பழகியவர். ச்சா ச்சா ச்சாவை ஒருவர் பக்கவாட்டில் போடுவார், ஒருவர் காலைக் காலுக்குப் பின்னால் பூட்டி முன்னே போவார். முதல் ஆவர்த்தத்திலேயே வேற்றுமை தெரிந்துவிடும், சமாளிக்க இடைவெளியும் இல்லை. லீட் செய்கிறவருக்கு இன்னொரு கவலை: சல்சாவில் இருபது திருப்பம் கைவசம் இருக்கும், இதில் மூன்றே. திரும்பத் திரும்ப நியூயார்க்கர் என்ற திருப்பத்தையே போட்டால் எதிரே இருப்பவருக்குச் சலிக்குமே என்று நினைப்பார். சலிப்பதில்லை. நான் கேட்ட பெண்கள் பலரும் சொன்னது ஒன்றே: தாளத்தில் நிற்கும் மூன்று திருப்பம், தாளம் தப்பிய முப்பதைவிட மேல்.

ச்சா ச்சா வந்தால் ஓடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். நியூயார்க்கில் எட்டி டோரஸ் பரப்பிய வழியில் இரண்டாம் தட்டில் சல்சா ஆடிப் பழகியவர்கள் ச்சா ச்சாவை விடவே மாட்டார்கள். அவர்கள் காதும் காலும் ஏற்கெனவே இரண்டில் இருக்கின்றன, ஓய்வு இருந்த இடத்தில் இரண்டு சின்ன அடியை நிரப்பினால் போதும். வரிசையாக நின்று லைன் டான்ஸ் ஆடும் பாட்டிமார்களும் கூச்சமே இல்லாமல் ஆடுவார்கள், ஏனென்றால் எதிரே யாரும் நின்று பார்ப்பதில்லை. தடை காலில் இருந்தவர்களுக்குக் காது வழி கொடுத்தது. தடை மனதில் இருந்தவர்களுக்கு வரிசை வழி கொடுத்தது.

கற்றுக்கொடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முதல் வகுப்பில் எண் வேண்டாம், திருப்பம் வேண்டாம், இடுப்பு என்ற சொல்லே வேண்டாம். ஒரு நல்ல பழைய கியூபப் பாட்டைப் போட்டு, எல்லோரையும் உட்காரவைத்து, சுரைக்குடுக்கை எங்கே உரசுகிறது என்று கையால் தொடையில் தட்டச் சொல்லுங்கள். கை கண்டுபிடித்ததைக் கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். டிஜேக்களுக்கும் ஒரு சொல்: ஓர் இரவுக்கு நான்கு ச்சா ச்சா போடுவதென்றால், அதில் குறைந்தது இரண்டு குயிரோ கேட்கும் பாட்டாக இருக்கட்டும், அதுவும் நிமிடத்துக்கு 120 தட்டுக்கு மேல் போகாமல்.

இதைப் படிக்கிற நீங்களும் ச்சா ச்சா வந்தால் நாற்காலியைத் தேடுகிறவராக இருந்தால், அடுத்த சனிக்கிழமை ஒன்று மட்டும் செய்யுங்கள். தரையின் ஓரத்தில் துணையின் இரு கையையும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முதல் எட்டுத் தட்டு எதுவும் செய்யவேண்டாம், கேளுங்கள். பிறகு கைக்குட்டை விரித்த அளவு இடத்துக்குள் அடியை வையுங்கள், மூன்றாவது ச்சாவில் இறங்கி நில்லுங்கள். திருப்பம் ஒன்றுகூடப் போடாமல் பாட்டு முழுவதும் அப்படியே ஆடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஹவானாவில் முதலில் ஆடியவர்களுக்கும் அந்த அடியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.